இசைத்தட்டில் வாழும் கிட்டப்பா

தமிழ் நாடக மேடையின் வரலாற்றைப் படிக்கப் புகுவோர் எவரும் எஸ்.ஜி. கிட்டப்பா என்னும் பெயரை ஒதுக்கிவிட்டுச் செல்ல முடியாது. 1906ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் செங்கோட்டையில் பிறந்தார். 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் மறைந்தார். இடையில் அவருக்குக் கிடைத்தவை 27 ஆண்டுகள். நம் கல்லூரியில் ஆய்வு மாணவர்களாக இருக்கும் அண்ணன்மார் சிலருடைய வயது அது. அந்த வயதுக்குள் தமிழ்நாட்டையும் இலங்கையையும் தம் குரலால் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவரைக் கண்ணால் கண்டவர் இன்று ஒருவரும் இருக்க வழியில்லை. திரைப்படத்திலும் அவரைக் காண முடியாது. தமிழ் பேசிய முதற்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் வெளிவந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியது 1938இல்; அதற்குள் அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆக, அவருடைய குரல் நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வழியில்தான். கிராமபோன் தட்டு வழியில். அத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன் என்ற ஒரு தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத முன்வந்தேன்.

ஜவ்வாது மலையில் பிறந்தவனுக்குக் கிட்டப்பா எப்படி உறவானார் என்று வகுப்புத் தோழர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஊர் ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். தாத்தா சாமையும் புளியும் மூட்டை கட்டி அடிவாரத்துச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வந்தவர். கீழே எல்லோரும் டேப் ரெக்கார்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், கைச்சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றையும் ஒரு மரப்பெட்டி நிறையத் தட்டுகளையும் போளூர்ச் சந்தையில் மலிவாக வாங்கித் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்தார். எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. சாவி கொடுத்தால் பாடும் பெட்டிக்கு மின்சாரம் எதற்கு? அப்பெட்டியில் இருந்த நாற்பது சொச்சம் தட்டுகளில் ஆறு கிட்டப்பாவுடையவை. இன்று என்னிடம் பதினான்கு இருக்கின்றன.

தாத்தா இசை பயின்றவர் அல்லர். ஆனால் தெருக்கூத்து என்றால் செங்கம் வரை நடந்துபோய் விடிய விடியப் பார்த்துவிட்டு வருவார். கிட்டப்பாவின் குரலைக் கேட்டதும் இது கூத்துக்காரன் தொண்டை என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். அது சரியான மதிப்பீடு என்றே நான் கருதுகிறேன். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், திறந்த வெளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் புரியும்படி பாட வேண்டுமானால் குரல் மேலே ஏறித்தான் நிற்க வேண்டும். கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் இது பொது விதி.

கிட்டப்பாவின் இயற்பெயர் இராமகிருஷ்ணன். தந்தையார் கங்காதர ஐயர். தாயார் மீனாட்சி அம்மாள். எஸ்.ஜி. என்னும் தலையெழுத்துகள் செங்கோட்டையையும் கங்காதரரையும் குறிக்கும். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956இல்தான் தமிழகத்துடன் இணைந்தது. குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. அப்படிப்பட்ட வீடுகளில் குரல் நன்றாக உள்ள பையனை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிடுவது அந்நாளில் வழக்கம். சாப்பாடு கிடைக்கும், வீட்டுக்கும் சிறிது பணம் வரும். கிட்டப்பாவும் அவ்வாறே சிறு வயதில் மேடை ஏறினார். அவர் உடன்பிறந்தாரும் நாடகத்துக்கு வந்தனர். அவர்களுள் காசி ஐயர் ஆர்மோனியத்தில் கைதேர்ந்தவர்.

பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட அக்குழுக்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இளஞ்சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திக் காட்டியவர். பள்ளிக்கூடம் இல்லை, பாட்டும் வசனமும் மனப்பாடமும்தான் படிப்பு. அடியும் உண்டு. இத்தனை பாடுபட்டுத் தேறிய சிறுவனுக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு சோதனை வரும். அதற்கு மகரக்கட்டு என்று பெயர். குரல் உடைந்து, நேற்று வரை தேனாகப் பாடியவன் இன்று கரகரக்கத் தொடங்குவான். எத்தனையோ சிறுவர்களின் நாடக வாழ்வு அத்துடன் முடிந்துபோனது. கிட்டப்பாவோ அந்தக் கண்டத்தையும் தாண்டினார். ஆண்மகனான பின்பும் அவர் தொண்டை சிறுவயது உயரத்தை விட்டு இறங்கவில்லை என்பதற்கு அவர் தட்டுகளே சான்று.

பின்னர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். பிரம்மாண்டமான காட்சி அமைப்புகளுக்குப் பேர்போன கம்பெனி அது. அங்கே நடந்த ‘தசாவதாரம்’ நாடகம் கிட்டப்பாவின் புகழை ஊரெங்கும் பரப்பிற்று. மக்கள் திரைகளையும் தந்திரக் காட்சிகளையும் பார்க்க வந்தார்கள். கிட்டப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

1926ஆம் ஆண்டு இலங்கையில், கொழும்பு நாடக மேடையில், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை அவர் சந்தித்தார். இரயிலில் பாடிப் பிச்சை எடுக்கும் நிலையிலிருந்து மேடைக்கு வந்து சேர்ந்த பெண் அவர். குரலில் கிட்டப்பாவுக்குச் சற்றும் குறையாதவர். அன்றைய ஸ்பெஷல் நாடக முறையில் நடிகர்களை ஒப்பந்தக்காரர் ஓர் இரவுக்கென்று தனித்தனியே அமர்த்துவார். ஒத்திகை கிடையாது. எதிரே நிற்பவர் என்ன பாடுவார், எந்த இராகத்தில் மடக்குவார் என்பது மேடையில்தான் தெரியும். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியும் வேடனாக வந்த முருகனும் பாட்டாலேயே வழக்காடுவார்கள். சுந்தராம்பாள் வள்ளி, கிட்டப்பா வேலன் என்றால் அந்த வழக்கு எப்போது தீரும் என்று எவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பெண்குரலும் ஆண்குரலும் ஏறத்தாழ ஒரே சுருதியில் மோதிக்கொள்வது எத்தனை அரிய நிகழ்ச்சி!

1927இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா முன்பே மணமானவர். சாதியும் வேறு. இந்த இல்லறம் இனிதாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. மேடையில் இணைபிரியாத இருவர் வாழ்க்கையில் பிரிந்தும் கூடியும், வருந்தியும் கடிதம் எழுதியும் காலம் கழித்தனர். வருந்தியவர்களில் அதிகம் வருந்தியது சுந்தராம்பாள் என்பது என் எண்ணம். விடுதலை இயக்கம் சூடேறிய அந்த ஆண்டுகளில் இருவரும் காங்கிரசுச் சார்பினராய் விளங்கினர்; புராண நாடகத்தின் நடுவே தேசியப் பாடல் ஒலித்தது.

இனித் தட்டுக்கு வருகிறேன். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியார் முதன்முதல் பாட்டுப் பதிந்தது 1902இல், கல்கத்தாவில். அன்று மெழுகில் பதிந்ததைக் கப்பலேற்றி ஜெர்மனியில் ஹானோவர் நகருக்கு அனுப்பித் தட்டாக அச்சிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. பின்னர் அது டம்டம்முக்குப் போயிற்று. தட்டின் மூலப்பொருள் அரக்கு. கல்தூளும் கரியும் கலந்து, அரக்கால் பிடித்து, சூடாக அழுத்தி எடுப்பார்கள். அந்த அரக்கு எங்கிருந்து வந்தது? சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி கட்டிய கூட்டைப் பழங்குடி மக்கள் சுரண்டி எடுத்து விற்றார்கள். நாங்கள் பாறையில் தேன் எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதும் சுழன்ற இசைத்தட்டுகளுக்குப் பெரும்பங்கு அரக்கு இந்தியக் காடுகளிலிருந்துதான் போயிற்று. அரக்குத் தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் மலைவாசியான எனக்கு இதில் ஒரு சொந்தம் தோன்றுவதை மறைப்பானேன்?

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். நிமிடத்துக்கு 78 சுற்று. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலையில் முடியும் நாடகத்தில், ஒரு விருத்தத்தையே தம் விருப்பப்படி வளர்த்துக்கொண்டு போன மனிதரை நிறுத்தி, மூன்று நிமிடத்தில் முடியுங்கள் என்றால் என்ன செய்வார்? கிட்டப்பா செய்தது வியப்பானது. என்னிடமுள்ள தட்டு ஒன்றில், ஆலாபனை என்று தனியாக ஒன்றும் இல்லாமல், முதல் சொல்லையே உச்சிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருந்து படிப்படியாக இறங்குகிறார். மேடையில் அரைமணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டியதை முதல் அரை நிமிடத்திலேயே கொடுத்துவிடுகிறார். வள்ளலார் பாடலை விருத்தமாகப் பாடிய தட்டும், தியாகராஜர் கீர்த்தனை பாடிய தட்டும் அவருடைய தட்டுகளில் மிகவும் பெயர் பெற்றவை. நாடகக்காரர் என்று ஒதுங்கியிருந்த சங்கீத ரசிகர்களும் இத்தட்டுகளை வீட்டில் வைத்துக் கேட்டார்கள். ஆயினும் தட்டில் உள்ள கிட்டப்பா முழுக் கிட்டப்பா அல்லர். எதிர்ப்பாட்டுக்குப் பதில் பாட்டு கட்டிய கிட்டப்பா, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இன்னும் ஒரு சுற்றுச் சங்கதி சேர்த்த கிட்டப்பா, அந்த இரவுகளோடு போய்விட்டார்.

தட்டுச் சேர்ப்போரிடையே ஒரு பெரிய வழக்கு உண்டு. கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடினார் என்பதே அது. தட்டைப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். 78 சுற்று என்பது பெயரளவில்தான். அக்காலப் பதிவு எந்திரமும் சற்று முன்பின் ஓடும். வீட்டுப் பெட்டியும் முன்பின் ஓடும். 78க்குப் பதில் ஏறக்குறைய 82½ சுற்று ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். மனிதக் குரலை மட்டும் கேட்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கிட்டப்பாவின் தட்டுகளில் ஆர்மோனியம் ஒலிக்கிறது. ஆர்மோனியத்தின் சுரங்கள் பித்தளை நாக்குகளில் கட்டுண்டவை. பாடகருக்காக இடம்விட்டு நகரமாட்டா. தட்டில் உள்ள ஆர்மோனியத்தின் சட்சமம் ஏதேனும் ஒரு கட்டையில் சரியாக உட்காரும்வரை வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் உண்மைக்குக் கிட்டத்தட்ட நெருங்கிவிடலாம். பழைய ஆர்மோனியங்களுக்குள்ளேயே சிறிது வேறுபாடு உண்டு என்பதால் முழு முடிவு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பஜனை மடத்து ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு நானும் தாத்தாவும் இரண்டு கோடை விடுமுறைகளை இதில் செலவழித்தோம். பக்கத்து வீட்டு அத்தை எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே முடிவுகட்டிவிட்டார்.

இதே வழக்கு கடலுக்கு அப்பாலும் நடப்பதை அறிந்தபோது பெரிதும் வியந்தேன். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதியில் ராபர்ட் ஜான்சன் என்றொரு கறுப்பினப் பாடகர் இருந்தார். புளூஸ் என்னும் துயரப் பாட்டைக் கிட்டாரோடு பாடியவர். 1936இலும் 1937இலும் டெக்சாசில் தட்டுகளுக்குப் பாடினார். அவர் பாடியவற்றுள் நமக்குக் கிடைத்தவை 29 பாடல்கள். 1938இல் இறந்தார். வயது 27! கிட்டப்பாவின் அதே வயது. உலகம் அவரை மறந்தே போயிற்று. பழைய 78 தட்டுகளைத் தெருத்தெருவாகத் தேடிச் சேர்த்த சிலர் மட்டும் மறக்கவில்லை. 1961இல் அவருடைய பாடல்கள் வினைல் நெடுந்தட்டாக வெளிவந்தன. அத்தட்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்கே இளைஞர்கள் அதைத் தேய்ந்து போகும்வரை கேட்டார்கள். எரிக் கிளாப்டன் இருந்த கிரீம் குழுவினரும், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரும் ஜான்சன் பாடல்களை மின்கிட்டாரில் வாசித்து 1968, 1969ஆம் ஆண்டுகளில் தங்கள் தட்டுகளில் வெளியிட்டார்கள். இன்று அந்த ஆங்கிலேயக் குழுக்களின் பழைய வினைல் தட்டுகளைத் தேடிச் சேர்க்கும் கூட்டம் உலகெங்கும் உண்டு. தட்டிலிருந்து பாட்டு, பாட்டிலிருந்து தட்டு! ஜான்சனின் தட்டுகள் வேகம் மாறிப் பதிவாகிவிட்டனவா என்று இன்றும் அங்கே சண்டை போடுகிறார்கள். அவர்களிடம் ஆர்மோனியம் இல்லாதது ஒரு குறைதான்.

நமக்கும் ஒரு கிளாப்டன் இருந்தார் என்று சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் 1924இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கத்துக்குக் கிட்டப்பா மறையும்போது வயது 9. ஆயினும் கிட்டப்பா பாணியின் வாரிசு என்று தமிழ்நாடு அவரைத்தான் கொண்டாடிற்று. கிட்டப்பா நின்ற உயரத்தில் நின்று அவர் பாடல்களைத் திரும்பப் பாடிக் காட்டினார். ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை நாடகங்களைக் கேட்டிருக்க முடியும்? ஊர்தோறும் சுழன்ற தட்டுகள் இல்லாவிட்டால் இந்தத் தொடர்ச்சி இத்தனை எளிதாக நடந்திருக்காது.

கிட்டப்பாவின் கடைசிக் காலம் சுருக்கமானது, துயரமானது. இரவெல்லாம் விழித்து, ஊர் ஊராய்ப் பயணம் செய்து, தொண்டையை உச்சத்திலேயே வைத்திருந்த உடல் முப்பது வயதைக்கூட எட்டவில்லை. நோய்வாய்ப்பட்டார், தேறி மேடை ஏறினார், மீண்டும் விழுந்தார். 1933 டிசம்பரில் செய்தி பரவியபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து அளவில்தான். அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை 1980இல் இறக்கும்வரை அவர் மாற்றவில்லை. எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடம், ஆண் வேடம். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் நாடே வாய்பிளந்த செய்தி. 1953இல் ஔவையார் ஆனார். ஔவைக்குக் கணவன் வேண்டியதில்லை அல்லவா? அவருடைய வேடங்களை இந்த ஒரு கண்ணோடு வரிசையாகப் பார்த்தால் கிட்டப்பாவின் வரலாறு 1933இல் முடியவில்லை என்பது விளங்கும்.

தட்டுகளின் கதிக்கும் இரண்டு சொல். இரண்டாம் உலகப் போரின்போது அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதிய தட்டு செய்தார்கள். எத்தனை குரல்கள் அப்படி அரைபட்டனவோ! நம் நாட்டில் 78 தட்டுகள் நெடுங்காலம் நீடித்தன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக்கூட 1960களின் நடுப்பகுதி வரை இங்கே 78 சுற்றுத் தட்டாக அச்சிட்டார்கள். இன்று வெள்ளைக்காரர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள். சென்னை மூர் மார்க்கெட் பழைய தட்டுகளின் சுரங்கமாக இருந்தது. 1985இல் அது தீக்கிரையாயிற்று. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றோர் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்து வைத்ததால்தான் பல பழம்பாடல்கள் மீண்டும் வெளிச்சம் கண்டன. 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கமும் தோன்றியது.

என்னிடமுள்ள பதினான்கில் இரண்டு விரிசல் கண்டவை. ஒன்று எங்கள் அண்ணன் மகள் தவழும் வயதில் இழுத்துப் போட்டது. குழந்தையைக் குற்றம் சொல்ல முடியுமா? அதை ஓட்டினால் சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று ஓசை வரும். எல்லாத் தட்டுகளையும் நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் படியெடுத்து வருகிறேன். துறைப் பேராசிரியர் ஐயா அதற்குச் சனிக்கிழமைகளில் இடம் தந்திருக்கிறார். அந்த டக் ஓசையை எந்திரத்தால் நீக்கிவிடலாம் என்கிறார்கள். நீக்கிய படி ஒன்று, நீக்காத படி ஒன்று என இரண்டும் வைத்திருக்கிறேன். நீக்கும்போது கிட்டப்பாவின் பிர்காவில் ஒரு துளி போய்விடுகிறது.

தாத்தாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. தட்டின் விளிம்பைத் தடவியே இது இன்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறார்.

கல்லூரி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய கறுப்புத் தட்டுகள் கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல் வரலாற்றுத் துறையில் எனக்குத் தகவல் தாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிற்க வையுங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஸ்பிரிட்டு போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும்.